மேஜரக்காவின் பின்னால்

பங்கு மண்டபத்துப் பரணிலிருந்து பெரிய டிரம் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. யாகப்பு ஏணியின் மேற்படியில் நின்று அதன் விளிம்பைப் பிடித்து இழுத்தார். கீழே ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற பழைய பான்ட் கூட்டாளி அன்ரன், தலையில் கொட்டுகிற தூசியைத் தட்டக் கை இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டே கத்தினார்.

"மெல்ல அண்ணன், மெல்ல! ஒரு நாளைக்கு ஒரு செத்த வீடு போதும்."

செத்த வீடு யாகப்புவின் வீடுதான். அவருடைய மனைவி அனஸ்தாசியா பெரிய வியாழன் விடியப்புறம் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினாள். இன்று சனி பின்னேரம் அடக்கம். அவள் வீட்டு முன்னறையில் வெள்ளைச் சேலையோடு பெட்டிக்குள் கிடக்க, கட்டினவர் அறுபத்தாறு வயதில் ஏணியேறி நிற்கிறார் என்றால், அதற்குக் காரணமும் அவள்தான்.

போன மாதம், கால் இரண்டும் வீங்கிப் படுக்கையில் கிடந்தபோது, அவள் சுற்றிவளைக்காமல் சொன்னாள்.

"நான் போற அண்டைக்கு எங்கட பான்ட் வரவேணும். பள்ளிக்கூடப் பிள்ளையளக் கூப்பிட்டுச் சமாளிக்கக் கூடாது. எங்கட ஆக்கள். விளங்கிச்சா?"

யாகப்பு தலையாட்டினார்.

"சும்மா தலையாட்டாம வாயால சொல்லுங்க."

"கொண்டு வாறன்."

குடும்ப வாழ்க்கையில் அவர் அவளுக்குக் கொடுத்த வாக்குகளில் முக்கால்வாசி காற்றோடு போனவை. கள்ளை விட்டுவிடுவேன் என்றது, வீட்டோடு சேர்த்து ஒரு குளியலறை கட்டுவேன் என்றது, மடு மாதா கோயிலுக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போவேன் என்றது. எல்லாவற்றையும் அவள் மன்னித்தும் விட்டாள், சமயம் பார்த்துச் சொல்லிக்காட்டியும் வந்தாள். இந்த ஒன்றையாவது சொல்லிக்காட்ட முடியாதபடி செய்துவிட வேண்டும் என்று வியாழக்கிழமையிலிருந்து யாகப்பு பட்டபாடு கொஞ்சநஞ்சமல்ல. சாவீட்டு வேலையெல்லாம் மகள் தலையில் கிடக்க, அவர் போனும் கையுமாக இருந்தார். சிலாபம், நீர்கொழும்பு, மன்னார் என்று சிதறிப்போன பழைய பான்ட் ஆட்களை ஒருவர் சொல்ல ஒருவராகத் தேடிப் பிடித்தார். ஒருவர்கூட வரமாட்டேன் என்று சொல்லவில்லை.

ஒருவழியாக டிரம் இறங்கியது. இருவருமாக அதை வாசலுக்கு உருட்டி வந்தபோது எதிரே பாதர் நின்றார். பங்குக்கு வந்து சில மாதமே ஆன இளம் குருவானவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு டிரம்மைப் பார்த்தார்.

"இது எங்க போகுது?"

"வீட்டுக்கு பாதர். பின்னேரம் அடிக்க" என்றார் யாகப்பு.

பாதர் மெதுவாகக் கேட்டார்.

"இண்டைக்கு என்ன நாள் அண்ணன்?"

"சனி" என்றார் யாகப்பு. சொன்ன வாய் மூடவில்லை.

பெரிய சனி. ஈஸ்டருக்கு முந்தின நாள். பெரிய வியாழன் பூசையோடு கோயில் மணி ஓய்ந்துவிடும். பாட்டுக்கு ஆர்மோனியம் வாசிப்பதில்லை, மேளமில்லை, கொட்டில்லை. சனி இரவு உயிர்ப்புப் பூசையில்தான் மணிக்கு மறுபடி வாய் திறக்கும். அதற்கிடையில் யாரேனும் செத்துப்போனால் அவர்களுக்குப் பூசையும் கிடையாது; செபத்தைச் சொல்லி, சத்தம்போடாமல் அடக்க வேண்டியதுதான். இது அந்தக் கரையில் நடக்கப் பழகுவதற்கு முன்பே பிள்ளைகளுக்குத் தெரிகிற விஷயம். நேற்றுக்கூட மரக்கட்டையைத் தட்டிச் சிலுவைப் பாதைக்கு ஆள் கூப்பிட்ட சத்தத்தை, யாகப்பு பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தபடி கேட்டார். இன்றைக்குப் பெரிய சனி என்று அவருக்குத் தெரியும். பெரிய சனியில் மேளம் இல்லை என்றும் தெரியும். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை. அவருக்கு மட்டுமா? அவர் போனில் கூப்பிட்டதில் ஒருவர் தவிர எல்லோரும் கோயிலைச் சுற்றியே வளர்ந்த பிள்ளைகள். "வாறம் அண்ணன்" என்றார்களே தவிர, "ஐயோ, பெரிய சனியல்லோ" என்று ஒரு வாய் சொல்லவில்லை. பான்டில் அனஸ்தாசியாவுக்கு வைத்த மேஜரக்கா என்ற பேரைக் கேட்டதும் அத்தனை பேருக்கும் ஞானோபதேசம் மறந்துபோயிற்று.

"வாக்குக் குடுத்திட்டன் பாதர்."

"எனக்கு விளங்குது. ஆனா இது நான் போட்ட சட்டம் இல்ல. திங்கட்கிழமைக்கு வைக்கலாமே? பூசையும் வைக்கலாம், பான்டும் அடிக்கலாம்."

"உடம்பெல்லாம் தண்ணி பாதர். பழுதாகாம மருந்தேத்தின ஆள் சொல்லிட்டான், இண்டைக்கு மேல வைக்க ஏலாதெண்டு."

பாதர் நல்ல பிள்ளைதான், சட்டம் தெரிந்த பிள்ளை. "அப்ப சத்தம் இல்லாமத்தான் அண்ணன்" என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குள் போய்விட்டார்.

டிரம்மைத் திரும்பப் பரணில் ஏற்ற யாகப்புவுக்கு மனம் வரவில்லை. அன்ரன் தன்னுடைய ஆட்டோவின் பின் இருக்கையில் அதைத் திணித்தார். யாகப்பு முன்னால் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

முற்றத்தில் தகரக் கூடாரம் போட்டு, பிளாஸ்டிக் கதிரைகள் பரப்பியிருந்தார்கள். தென்னைகளுக்குக் கீழே சிலாபத்திலிருந்து வந்த வேன் நின்றது. வேனைச் சுற்றி நின்றவர்களை யாகப்புவுக்குச் சட்டென்று அடையாளம் பிடிபடவில்லை. மொட்டைத் தலைகள், தொந்திகள், சீனி வருத்தத்தில் மெலிந்த கழுத்துகள். எல்லோரும் வெள்ளை உடுப்பு. புளி போட்டு மினுக்கிய பியூகிள் ஊதுகுழல்கள் வெயிலில் கண்ணைக் கூச வைத்தன. அந்தக் காலத்தில் சைட் டிரம் அடித்த றோஸ்மேரி, ஒரு கையில் ஊன்றுகோலும் மறு கையில் இரண்டு டிரம் குச்சியுமாக வந்தாள்.

"அண்ணன், பெட்டி எத்தனை மணிக்கு எடுக்கிறது? ஒருக்கா எல்லாரும் சேர்ந்து அடிச்சுப் பாக்கவேணும். அக்கா கேட்டுக்கொண்டு இருக்கேக்க பிழை விட ஏலாது."

"பொறு பிள்ளை, சொல்றன்" என்றார் யாகப்பு. சொல்லத் திராணியில்லாமல் உள்ளே போய்விட்டார்.

பெட்டியின் தலைமாட்டில் ஜெசிக்கா மெழுகுதிரியின் கரியைக் கிள்ளிக்கொண்டு இருந்தாள். சிலாபத்தில் படிப்பிக்கிற மகள். மூத்தவன் ஜெயந்தன் இத்தாலியில். லீவு கிடைக்காமல், அலுமாரியில் சாத்தி வைத்த போனுக்குள்ளிருந்து அழுதுகொண்டிருந்தான்.

"அப்பா, நீங்களும் டிரம் தூக்கப் போறீங்களா?"

"ஓம்... அப்பிடித்தான் நினைச்சன்."

"அப்ப பெட்டிக்கு முன்னால போயிருவீங்க. சிலுவை, அதுக்குப் பின்னால பான்ட், அதுக்குப் பின்னாலதானே பெட்டி. பெட்டிக்குப் பின்னால நான் தனியவா வாறது?"

யாகப்பு இதையும் யோசித்திருக்கவில்லை. டிரம்மைத் தூக்கினால் மனைவிக்கு முன்னால் போக வேண்டும். புருசனாக நடந்தால் டிரம்மை விட வேண்டும். இப்போது இரண்டுக்கும் வழியில்லை என்றாகிவிட்டதே என்று நினைத்து, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவளுடைய முகத்தைப் பார்த்தார். வீக்கம் வடிந்து, நெற்றி வழுவழுப்பாக, சின்ன வயதுக்காரி போல இருந்தாள்.

பதினேழு வயதில் அவள் கையில் பொல்லைக் கொடுத்தவர் அந்தக் காலத்துப் பங்குச் சுவாமி. கொழும்பில் எங்கோ ஏலத்தில் எடுத்த பழைய பியூகிள்களும், ஆட்டுத் தோல் போர்த்த டிரம்களும் ஒரு லொறியில் வந்திறங்கிய வருசம் அது. பான்டுக்கு முன்னால் பித்தளைக் குமிழ் வைத்த பொல்லைச் சுழற்றிக்கொண்டு போகிற டிரம் மேஜர் வேலைக்கு ஊர்ப் பொடியன்கள் அத்தனை பேரும் நான் நீ என்று போட்டி போட்டார்கள். யாகப்புவும் அதில் ஒருவர். சுவாமி எல்லோரையும் கடற்கரையில் நடக்கவிட்டுப் பார்த்தார். கடைசியில், மீன் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்த அனஸ்தாசியாவைக் கூப்பிட்டு, "நீ நட" என்றார். கூடையை இறக்கிவைத்துவிட்டு நடந்தாள். அவ்வளவுதான். பொம்பிளைப் பிள்ளை பொல்லைப் பிடிக்கிறதா என்று ஊர் கூச்சல் போட்டது. "இந்த ஊரில நேரா நடக்கிற ஆள் இவள் ஒருத்திதான்" என்று சுவாமி ஒரே பேச்சில் வாயை அடைத்தார்.

பழக மைதானம் கிடையாது. கடற்கரை மணலில்தான் பழக்கம். மணலில் கால் புதையும். புதைகிற காலைத் தூக்கித் தூக்கி வைத்தே எல்லோருக்கும் முழங்கால் இடுப்பளவுக்கு உயரப் பழகிவிட்டது. பிறகு தார் ரோட்டில் இறங்கினார்கள் பாருங்கள், அதே உயரத்துக்குக் கால் போயிற்று. மற்ற ஊர் பான்டெல்லாம் ஊர்வலத்தில் நடந்தது. இவர்கள் எழும்பி எழும்பி வந்தார்கள். தலவில திருநாளில் அவர்கள் கோயில் வாசலை நெருங்கும்போது யாத்திரைக்காரர்கள் சோற்றுப் பானையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவருவார்கள். பியூகிளில் விரல் வைத்து மாற்ற ஒன்றுமில்லை. உதட்டால் எடுக்கிற அந்த ஐந்தாறு சுரம்தான். அந்த ஐந்தாறையும் வைத்துக்கொண்டு அவர்கள் சனத்தை அழவும் வைத்தார்கள், ஆடவும் வைத்தார்கள். இரண்டு வரிசை எதிரெதிராக வந்து, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, ஒரு தோள்கூட உரசாமல் மறுபக்கம் வெளிவரும். நடுவில் பொல்லு மேலே பறக்கும். அது கீழே விழுந்ததை ஒருவரும் கண்டதில்லை.

யாகப்புவுக்குக் கிடைத்தது பெரிய டிரம். தோள் அகலம் பார்த்துச் சுவாமி கொடுத்தது. அவருடைய இடம் முன்வரிசை நடு, மேஜருக்கு நேர் பின்னால். ஆகவே அவர் அவளை அறிந்ததெல்லாம் முதுகுப் பக்கமாகத்தான். பின்னி மடித்துக் கட்டிய தலைமயிர், வியர்வையில் ஒட்டிய சட்டை, கொஞ்சமும் ஆடாத கழுத்து. அவளுடைய முகம் எப்படியிருக்கும் என்று நடுச்சாமத்தில் யாராவது எழுப்பிக் கேட்டிருந்தால் அவர் யோசித்துத்தான் சொல்லியிருப்பார்.

அந்த முகத்தை அவருக்குக் காட்டியது ஒரு மழை. சிலாபத்தில் போட்டி. பெரிய பெரிய பள்ளிக்கூடங்கள், பளபளவென்று வெளிநாட்டு வாத்தியங்கள். இவர்கள் முறை வரும்போது தூற்றல் பிடித்துக்கொண்டது. ஆட்டுத் தோல் நனைந்து தளர்ந்தது. யாகப்பு ஓங்கி அடித்தால் ஈர மெத்தையைத் தட்டின சத்தம்தான் வந்தது. பின்வரிசைக்கு அடி கேட்கவில்லை. கால்கள் தடுமாறத் தொடங்கின. அப்போது அவள் செய்ததை மைதானத்தில் இருந்த யாரும் சாகும்வரை மறந்திருக்க மாட்டார்கள். நடந்துகொண்டிருந்தவள் ஒரு அடியும் தவறாமல் அப்படியே திரும்பினாள். பான்டைப் பார்த்தபடி, பின்பக்கமாக நடக்கத் தொடங்கினாள். பொல்லை நெஞ்சுக்கு நேரே மேலும் கீழுமாக அசைத்து, வாயால் அடியைச் சொல்லிச் சொல்லி, அந்த நீளமான மைதானம் முழுக்கப் பின்னால் நடந்தாள். ஒருமுறைகூடத் தோளுக்கு மேலே திரும்பிப் பார்க்கவில்லை. மழைத் தண்ணீர் நாடியில் வழிந்தது. கண் மட்டும் ஒவ்வொருவரிடமும் போய்ப் போய் வந்தது. பரிசு வேறொரு பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று. அதைப் பற்றி யாருக்குக் கவலை? எழும்பி நின்று கைதட்டினது முழுக்க இவர்களுக்கு. யாகப்பு வீட்டுக்கு வந்து தாயிடம் சொன்னார், கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று.

"யாகப்பு அண்ணன்."

வாசலில் சாஹுல் ஹமீது நின்றார். கற்பிட்டியில் கடை வைத்திருக்கிறவர். அந்தக் காலத்தில் எட்டாத சுரத்தை எட்டிப் பிடித்த பியூகிள்காரன். இவர்களோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர். சுவாமி ஆசைப்பட்டுக் கேட்க, அவருடைய வாப்பா "தொழுகைக்குப் பிந்தாமப் போற எண்டா ஊதட்டும்" என்று விட்டுக்கொடுத்தாராம். கக்கத்தில் பழைய துணியால் சுற்றிய பியூகிள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, பெட்டியண்டை தொப்பியோடு தலைகுனிந்து நின்றார். பிறகு யாகப்புவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மேஜர் மவுத்தாயிட்டா எண்டு கேட்டு ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல்ல."

யாகப்பு அவரைக் கிணற்றடிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். அன்ரனும் வந்து சேர்ந்துகொண்டார். சாஹுல் ஹமீது முழுவதையும் கேட்டுவிட்டு, ஆச்சரியமாகப் பார்த்தார்.

"இதுக்கா இப்படி ஒடஞ்சு போய் நிக்கிற? நான் எப்படியும் ஊத வரல்ல. என்ட பல்லு முழுக்கக் கட்டின பல்லு. ஊதினா பல்லுத்தான் முன்னுக்குப் போகும். சும்மா இதக் கையில புடிச்சிட்டு நடக்கத்தான் வந்த."

"சும்மா நடக்கவா?" என்றார் அன்ரன்.

"ஏன், நாம சும்மா நடந்ததில்லையா? எங்கட பள்ளிவாசலுக்கு முன்னால எப்பிடிப் போன?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஊர்த் திருநாள் ஊர்வலம் பெரிய ரோட்டால் போகும். பள்ளிவாசல் எல்லை தொடங்குகிற இடத்தில் அனஸ்தாசியா பொல்லைத் தலைக்கு மேலே குறுக்காகப் பிடிப்பாள். அந்தக் கணத்தில், கத்தியால் வெட்டினது மாதிரி, எல்லாச் சத்தமும் நிற்கும். பிறகு கால் மட்டும்தான். டிரம் இல்லை, ஊதல் இல்லை, அடி சொல்ல ஆள் இல்லை. அத்தனை பேரும் பொல்லின் நுனியில் கண்ணை வைத்து, முழங்கால் இடுப்புக்கு உயர, ஒரே காலாக நடந்து போவார்கள். பள்ளிவாசல் மதிலோரம் நிற்கிற முஸ்லிம் ஆட்களும் பின்னால் வருகிற வேதக்கார ஆட்களும் மூச்சு விடாமல் பார்ப்பார்கள். எல்லை தாண்டியதும் பொல்லு இறங்கும். பூமி அதிர்கிற மாதிரி அடி எழும்பும். ஆனால் உண்மையைச் சொன்னால், ரோட்டோரம் இடம்பிடித்து நின்ற சனத்தில் பாதிப்பேர் அந்தச் சத்தமில்லாத நடையைப் பார்க்கத்தான் வந்தார்கள்.

பாதர் செபம் சொல்ல வந்தபோது யாகப்பு முற்றத்திலேயே அவரை மறித்தார். கையாலும் காலாலுமாக விஷயத்தை விளக்கினார். சத்தம் வராது, ஒரு பொட்டுச் சத்தம் வராது, நடக்க மட்டும் விடுங்கள் என்றார். பாதர் வேனடியில் நின்ற கிழடுகளைப் பார்த்தார். அவர்கள் இவரைப் பார்த்தார்கள். அன்ரன் அதற்குள் எல்லோர் காதிலும் போட்டிருந்தார்.

"அடிக்காட்டி அது வெறும் சாமான்தானே, தூக்கிக்கொண்டு வாறதில பிழை இல்ல" என்றார் பாதர் கடைசியில். கொஞ்சம் யோசித்து, "ஆனா பான்ட் மாதிரி முன்னால போக வேண்டாம் அண்ணன். சனம் பிழையா விளங்கும். மற்ற ஆக்களோட பெட்டிக்குப் பின்னால வாங்க. அப்ப ஒருத்தரும் ஒண்டும் சொல்ல மாட்டாங்க."

"பின்னாலயா?" என்றார் யாகப்பு.

"ஓம். அதில உங்களுக்கு ஏதும் குறையா?"

யாகப்பு இல்லை என்று தலையை ஆட்டினார். மூன்று நாளாக வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது. பாதருக்கு ஏன் என்று விளங்கவில்லை. தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

வெயில் சாயத் தொடங்கியபோது பெட்டியை எடுத்தார்கள். முன்னால் சிலுவை, பாதர், பிறகு அனஸ்தாசியா. உறவில் மருமக்களான பொடியன்கள் ஆறு பேர் தோளில் தூக்கினார்கள். அதற்கு நேர் பின்னால், பெரிய டிரம்மைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு யாகப்பு. அவருக்கு வலப்பக்கம் ஜெசிக்கா, கையைத் தகப்பனின் முழங்கைக்குள் விட்டிருந்தாள். இடப்பக்கம் அன்ரன். பின்னால் சாஹுல் ஹமீதும் மற்ற பியூகிள்காரர்களும், கடைசியில் ஊன்றுகோலோடு றோஸ்மேரி.

தொடக்கம் கேவலமாக இருந்தது. அடியும் இல்லை, பொல்லும் இல்லை. ஒருவர் இடது கால் வைக்க மற்றவர் வலது கால் வைத்தார். அன்ரன் குனிந்து பக்கத்துக் காலைப் பார்த்து மாற்றப் போக, பின்னால் வந்தவர் அவருடைய செருப்பை மிதித்தார். ரோட்டோரம் நின்ற சின்னப் பெட்டைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். யாகப்புவுக்கு மானம் போயிற்று. வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று அவளைக் கடைசி நாளில் கேலிக்கூத்தாக்குகிறேனே என்று நினைத்தார். என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டியையே பார்த்துக்கொண்டு நடந்தார்.

அப்போதுதான் கவனித்தார். தூக்குகிறவர்கள் பாரத்தோடு அடி வைக்க, பெட்டி லேசாக இடப்பக்கம் சாய்ந்தது, வலப்பக்கம் சாய்ந்தது. மறுபடி இடம், மறுபடி வலம். நிதானமாக, ஒரே கணக்காக. யாகப்பு முதுகை நிமிர்த்தினார். பெட்டி இடம் சாயும்போது இடது காலை வைத்தார்.

"அன்ரன், பெட்டியப் பார்" என்றார் உதட்டை அசைக்காமல்.

அன்ரன் பார்த்தார். அடுத்த அடியில் காலை மாற்றினார். சொல்லாமலே அது பின்னால் போயிற்று. வரிசை வரிசையாகக் கண்கள் பெட்டியில் போய் நின்றன. பிள்ளையார் ஆலமரம் தாண்டுமுன் இரண்டாம் வரிசை சேர்ந்துவிட்டது. சந்திக் கடைகளை நெருங்கும்போது ஊன்றுகோல்கூட அடிக்குள் வந்துவிட்டது. முழங்கால்கள் உயரத் தொடங்கின. அந்தக் காலத்து உயரமில்லை. வாதம் பிடித்த, ஆப்பரேசன் செய்த முழங்கால்கள் எவ்வளவு உயருமோ அவ்வளவு. ஆனால் எல்லாம் ஒன்றாக உயர்ந்தன, ஒன்றாக இறங்கின. தாரில் அந்தக் கால்கள் விழுகிற சத்தத்தைத் தவிர ரோட்டில் வேறு சத்தம் இல்லை. வாயைப் பொத்தின பெட்டைகள் கையை எடுத்துவிட்டார்கள். ஒரு பஸ் ஓரமாக நின்று எஞ்சினை நிறுத்தியது. பள்ளிவாசல் மதிலோரம் அஸர் தொழுகைக்கு வந்து கலைந்துகொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். அவர்களில் வயதான ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் தாழ்ந்த குரலில், "இது அவட பான்டுதான்" என்று சொன்னது யாகப்புவின் காதில் விழுந்தது.

அவருக்குப் பெருமை பொறுக்கவில்லை. சாவீட்டில் இப்படி ஒரு பெருமை வரலாமா என்றுகூடத் தோன்றியது. வந்துவிட்டதை என்ன செய்ய? ஜெசிக்காவைப் பார்த்தார். அவளும் எப்போதோ காலை மாற்றியிருந்தாள்.

சேமக்காலைக் கல்லறைகள் கடலோரத்தில், மணலில். குழியருகே பெட்டியை இறக்கியதும் அவர்கள் தாங்களாகவே மூன்று வரிசையாக நின்றுவிட்டார்கள். செபம் முடிந்தது. யாகப்பு வரிசையிலிருந்து விலகிப் போய் ஒரு பிடி மண் போட்டார். திரும்ப வந்து தன் இடத்தில் நின்றார். மண்வெட்டிகள் வேலையை முடித்தன. பூக்களை அடுக்கி, சிலுவையை ஊன்றினார்கள். பாதர் இரவுப் பூசைக்கு ஆயத்தம் செய்ய மோட்டார் சைக்கிளில் போனார். சனம் இரண்டிரண்டாக வீட்டுப் பக்கம் நடந்தது. அங்கே சோறு தயாராக இருந்தது.

பான்ட் மட்டும் நின்றது.

ஜெசிக்கா பூக்களைச் சரிசெய்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, கிழடுகள் அத்தனை பேரும் குதிகாலை ஒட்டி வைத்து, நேரே பார்த்தபடி அசையாமல் நின்றார்கள். றோஸ்மேரியும் ஊன்றுகோலில் சாயாமல் நின்றாள்.

"ஏன் அன்ரன் மாமா நிக்கிறீங்க? முடிஞ்சுதே."

அன்ரன் தலையைத் திருப்பவில்லை. "சொல்லவேணும் பிள்ளை."

"என்ன சொல்லவேணும்?"

"கலையச் சொல்லி."

மேஜர் சொல்லாமல் அந்தப் பான்ட் ஒருநாளும் கலைந்ததில்லை. மழையானாலும், வெயிலானாலும், பிஷப் வந்து பக்கத்தில் நின்றாலும், அவள் பொல்லை நிலத்தில் ஊன்றி, "சரி, போயிட்டு வாங்க பிள்ளையள்" என்று சொன்னால்தான் கால் அசையும். இங்கே யார் சொல்வது? ஒவ்வொரு கண்ணாக யாகப்புவிடம் வந்தது.

யாகப்பு டிரம்மோடு நாலடி முன்னால் போய், குழிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். இந்தப் பக்கத்திலிருந்து அவர் அவர்களை ஒருநாளும் பார்த்ததில்லை. சாஹுல் ஹமீதின் தொப்பி ஒருபக்கம் சரிந்திருந்தது. யாரோ ஒருவரின் பியூகிளில் கடல் தெரிந்தது. எல்லோரும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சரி" என்றார். "போயிட்டு வாங்க பிள்ளையள்."

வரிசை குலைந்தது. றோஸ்மேரி வாய்விட்டு அழுதாள். சாஹுல் ஹமீது அவளுக்குக் கையைக் கொடுத்து நடத்திக்கொண்டு போனார். ஒவ்வொருவராக மணலில் கால் புதையப் புதைய ரோட்டுப் பக்கம் போனார்கள்.

யாகப்பு திரும்பி, புது மண்ணைப் பார்த்து நின்றார்.

"அப்பா, வாங்க. எல்லாரும் போயிட்டாங்க."

அவர் அசையவில்லை. ஜெசிக்கா இன்னொரு தரம் கூப்பிட வாயெடுத்தாள், கூப்பிடவில்லை. பின்னால் வந்து தோள்வாரின் கொக்கியைக் கழற்றினாள். டிரம்மின் பாரத்தைத் தன் கைகளில் வாங்கி மணலில் வைத்தாள். அவர் அவளுக்கு வசதியாகக் கைகளை மட்டும் தூக்கிக் கொடுத்தார். அவள் வைத்து முடித்ததும் அவற்றை மறுபடி உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, குதிகால்கள் பிரியாமல் நின்றார்.